காம்பின் எடை

"எதுல?"

ஒரு நாளைக்கு முப்பது தடவையாவது அவர் வாயிலிருந்து இந்தச் சொல் வரும். வெறும் எண்ணைச் சொல்லிவிட்டு அவரிடமிருந்து யாரும் தப்ப முடியாது.

"சர்க்கரை ரெண்டு வாங்கியாந்தேன்மா" என்பாள் என் அம்மா.

"ரெண்டுன்னா? எதுல ரெண்டு?"

"கிலோதாம்மா. கடக்காரன் வேற எதுல குடுப்பான்?"

"அப்ப கிலோன்னு சொல்லு. எதுலன்னு தெரியாத நம்பர் எனக்கு வேண்டாம்."

ஹைதராபாத் மல்காஜ்கிரியில் அவர் குடியிருந்த நாலு மாடி அபார்ட்மென்டில் வாட்ச்மேனிலிருந்து மாடிப்படியில் விளையாடும் பிள்ளைகள் வரை எல்லோருக்கும் இந்த "எதுல?" தெரியும். முதுகுக்குப் பின்னால் அவருக்குப் பெயர் பவுண்டு ஆன்ட்டி. சொந்தப் பெயரை நான் எழுதப்போவதில்லை. அவரும் என்னை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "கணக்குக்காரி" என்பார். அதில் எனக்குப் பெருமை இருந்தது. அந்தப் பெருமைதான் பிறகு எல்லாவற்றையும் கெடுத்தது.

என் அம்மா அந்தக் கட்டடத்தில் நான்கு வீடுகளில் வேலை செய்தாள். நான்கும் பவுண்டு ஆன்ட்டியின் வாய்ச்சொல்லால் கிடைத்தவை. "நம்பிக்கையான பொம்பளை, தமிழ்க்காரி" என்று அவர் ஒரு வார்த்தை சொன்னார், கதவுகள் திறந்தன. அவர் வேறொரு வார்த்தை சொன்னால் நான்கும் மூடிக்கொள்ளும் என்பது அம்மாவுக்கு எப்போதும் நினைவிருந்தது. அப்பா ரயில்வே பார்சல் ஆபீசில் மூட்டை தூக்கினார். அவருக்கு எடை தோளில் தெரியும். எங்கள் குடும்பத்தில் எடையைத் தாளில் எழுதத் தெரிந்த முதல் ஆள் நான்தான். பள்ளியில் இங்கிலீஷும் தெலுங்கும். தமிழ் எழுத்து, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கற்றது.

ஆன்ட்டியும் ஒரு காலத்தில் நம்மைப்போல் கிலோக்காரர்தான். திருச்சிப் பக்கத்துக்காரர், கணவர் வேலை மாற்றலில் வந்தவர். ஒரே மகன் அமெரிக்கா போனதும் பவுண்டுக்கு மாறினார். மகன் ஒரு தராசு வாங்கித் தந்திருந்தான். உள்ளங்கையில் அடங்கும், கீழே ஒரு கொக்கி, மேலே சின்னத் திரை. பெட்டியைக் கொக்கியில் மாட்டித் தூக்கினால் எடை காட்டும். பக்கத்தில் ஒரு பொத்தான். அழுத்தினால் கிலோ, மறுபடி அழுத்தினால் பவுண்டு. அந்தப் பொத்தானை அவர் ஒரு தடவைதான் அழுத்தினார். பிறகு அது பவுண்டிலேயே நின்றது.

கட்டடத்தில் யார் வீட்டுப் பிள்ளை அமெரிக்காவுக்குக் கிளம்பினாலும் பெட்டி முதலில் அவர் வீட்டு ஹாலுக்கு வரும். ஆன்ட்டி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, இரண்டு கையாலும் தராசைப் பிடித்து, மூச்சை அடக்கித் தூக்குவார். திரையைப் படிப்பது என் வேலை.

"நாப்பத்தொன்பது புள்ளி ரெண்டு, ஆன்ட்டி."

"எதுல?"

"பவுண்டுல."

"ம். இன்னும் இடம் இருக்கு. ஏர்லைன்காரன் ஐம்பது பவுண்டு, அதாவது இருபத்துமூணு கிலோன்னு போட்டிருக்கான். இருபத்துமூணு கிலோன்னா எவ்வளவு, சொல்லு பாக்கலாம்."

"ஐம்பது புள்ளி ஏழு."

"கேட்டுக்கங்க" என்று பெட்டிக்குச் சொந்தக்காரர்களிடம் திரும்புவார். "இவன் ஐம்பதுன்னு சொல்லி புள்ளி ஏழை முழுங்கறான். அது நம்முது. முந்நூறு கிராம் அப்பளத்த உள்ள வைங்க. கேட்டா, கிலோவுல பாருன்னு சொல்லுங்க."

அந்த முந்நூறு கிராமை விட்டுக்கொடுக்க அவருக்கு மனம் வராது. ஒரு தடவை புளியை வைத்தார்கள், ஒரு தடவை கைமுறுக்கு, ஒரு தடவை சுவாமி படம். ஆகாயத்தில் பறக்கும் கம்பெனியிடமிருந்து அவர் பிடுங்கிய சிறு வெற்றி அது.

கணக்கை அவர் மனதிலேயே போடுவார். கிலோவைப் பவுண்டாக்க, இரட்டித்து அதில் பத்தில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். பவுண்டைக் கிலோவாக்க, பாதியாக்கி அதில் பத்தில் ஒன்றைக் கழிக்க வேண்டும். நான் பள்ளிக்கூடத்து வழியில் தசமப் புள்ளி போட்டுப் பெருக்குவேன். இருவருக்கும் ஐந்து கிராம், பத்து கிராம் வித்தியாசம் வரும். என் விடைதான் சரி. அந்தப் பத்து கிராம் நான் படித்த படிப்பு என்று நினைத்துக்கொள்வேன்.

ஒருநாள் வேடிக்கையாக அம்மாவைக் குளியலறைத் தராசில் ஏறச் சொன்னார். அதுவும் பவுண்டு காட்டுவதுதான்.

"நூத்திரெண்டு பவுண்டு!"

அம்மாவுக்கு வாயெல்லாம் பல். அவள் வாழ்க்கையில் எதிலும் நூறைத் தொட்டதில்லை. வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் இடுப்பில் கைவைத்து நின்று, "இந்தா, நான் நூறத் தாண்டிட்டேன், தெரியுமா? இனிமே என்னத் தூக்க முடியாது" என்றாள்.

"நாப்பத்தாறு கிலோதாம்மா அது" என்றேன் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல். "ஒரு மூட்டை அரிசியவிடக் கம்மி."

அம்மாவின் கை இடுப்பிலிருந்து இறங்கியது. "நக்கோ, வேணாம் போ. எனக்கு அதுலயே இருக்கட்டும்" என்று அடுப்புப் பக்கம் போய்விட்டாள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், எனக்கு அப்போதே ஓர் எச்சரிக்கை கிடைத்திருந்தது. நான் அதைக் கண்டுகொள்ளவில்லை.

வருடா வருடம் பங்குனி வெயிலில் மிளகாய்த்தூள் வேலை வரும். மகனுக்கு அனுப்ப ஐந்து கிலோ மிளகாய். அம்மா அதை மொட்டைமாடியில் காயவைத்து, காம்பு கிள்ளி, மில்லில் அரைத்துக்கொண்டு வருவாள். நான் ஆறாம் வகுப்பு படித்த வருடம், தூளைக் கொக்கியில் மாட்டியவர் திரையையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பதினோரு பவுண்டு மிளகா குடுத்தேன். பத்து புள்ளி ஒண்ணுதான் தூள் வந்திருக்கு. மீதி புள்ளி ஒன்பது?"

அம்மாவுக்குப் புள்ளியும் புரியவில்லை, பவுண்டும் புரியவில்லை. கேட்ட தொனி மட்டும் புரிந்தது. "அய்யோ, நா தொடலம்மா. ஏசு சத்தியமா ஒரு ஸ்பூன் எடுக்கல" என்றாள். அவள் கைகள் மிளகாய் நெடியில் சிவந்திருந்தன. அதே கையால் கண்ணைத் துடைத்துவிட்டு எரிச்சலில் துடித்தாள்.

நான் மொட்டைமாடிக்கு ஓடினேன். கதவோரம் தினசரித்தாளில் சுருட்டி வைத்திருந்த காம்புகள் அப்படியே இருந்தன. ஒரு கேரிபேக்கில் அள்ளிக்கொண்டு வந்து, அவர் கையிலிருந்த தராசைக் கேட்காமலே வாங்கி, மாட்டினேன்.

"புள்ளி ஏழு. பவுண்டுல" என்றேன். "மீதி புள்ளி ரெண்டு வெயில்லயும் மில்லுலயும் போயிருக்கும், ஆன்ட்டி."

அவர் என்னைப் பார்த்தார். முதன்முறையாகப் பார்ப்பவர்போல. மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. "எத்தனாவது படிக்கற?" என்று மட்டும் கேட்டார். அன்றிலிருந்து நான் கணக்குக்காரி. மகன் பள்ளியில் பயன்படுத்திய கால்குலேட்டரைக் கொடுத்தார். ஒன்றிலிருந்து முப்பது வரை, இடது பக்கம் பவுண்டு, வலது பக்கம் கிலோ என்று என் கையெழுத்தில் ஓர் அட்டவணை எழுதச் சொல்லி அலமாரிக் கதவின் உட்பக்கத்தில் ஒட்டினார். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. அதையும் மறைக்காமல் எழுத வேண்டும். விமானக் கம்பெனியிடம் "நம்முது" என்று அவர் பறித்த புள்ளி ஏழும், அம்மாவைத் திருடி ஆக்கவிருந்த காம்பின் புள்ளி ஏழும் ஒரே எடை என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் உறைத்தது.

நான் பத்தாம் வகுப்பு பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த தை மாதக் கடைசியில் அவர் திடீரென்று பேச்சைக் குறைத்தார். மருமகள் மாசமாக இருந்தாள். பிரசவத்துக்கு அமெரிக்கா போக சித்திரையில் டிக்கெட் எடுத்திருந்தார். பெட்டி பாதி அடுக்கிய நிலையில் கட்டிலடியில் இருந்தது. அவர் அதைத் தொடுவதை நிறுத்தினார். "எதுல?" என்று கேட்பதையும் நிறுத்தினார். அம்மா, "பால் ரெண்டு வாங்கட்டாம்மா?" என்று கேட்டால், "ம்" என்பார். நான் பரீட்சை மும்முரத்தில் இருந்தேன். ஒன்றும் கவனிக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை அம்மாவுக்கு உதவியாக ஜன்னல் துடைக்கப் போயிருந்தேன். சமையலறையில் போன் ஸ்பீக்கரில் மகன் குரல் கேட்டது. "அம்மா, இன்னிக்கு மூணு பவுண்டு தொட்டுட்டான்மா." அழுகையா சிரிப்பா என்று தெரியாத குரல். ஆன்ட்டி ஒரு சாமானைக் கீழே வைக்கும் ஓசை மட்டும் வந்தது.

அன்று சாயங்காலம் கீழே கார் நிறுத்தும் இடத்தில் அபார்ட்மென்ட் பெண்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆன்ட்டி ஒரு கிலோ தூத்பேடா வாங்கிவரச் செய்திருந்தார். தட்டு என் கையில் இருந்தது. அம்மா தண்ணீர் பாட்டில்களோடு பின்னால் வந்தாள்.

"பேரன் பொறந்திருக்கான்" என்றார் ஆன்ட்டி.

"ஹவ்வா, அப்படியா! எப்போ? சொல்லவே இல்ல!" என்று எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார் இரண்டாம் மாடித் தெலுங்கம்மா. அவர் தமிழும் தெலுங்கும் உருதுவும் கலந்துதான் பேசுவார். "பேபி எல்லா உன்னாடு? நல்லா இருக்கானா? வெயிட் எவ்ளோ?"

"மூணு" என்றார் ஆன்ட்டி.

"மூணா! பேஷ். நல்ல வெயிட். என் பேத்தி ரெண்டரைதான். எதுக்கு பயம் உங்களுக்கு? கொடுங்க இன்னொரு பேடா."

எல்லோரும் சிரித்தார்கள். ஆன்ட்டியும் சிரித்தார். பல வாரங்களுக்குப் பிறகு அவர் முகத்தில் வந்த சிரிப்பு அது. எனக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றியது: ஆன்ட்டி தப்புப் பண்ணிவிட்டார். ஊருக்கெல்லாம் "எதுல?" என்று கேட்பவர், இன்று தானே அலகை விட்டுவிட்டார். கண்டுபிடித்தது நான்.

"கிலோ இல்ல ஆன்ட்டி, பவுண்டு" என்றேன், தட்டோடு ஒரு அடி முன்னால் வந்து. "காலையில அண்ணா பவுண்டுன்னுதானே சொன்னாரு? மூணு பவுண்டுன்னா ஒண்ணு புள்ளி மூணு ஆறு கிலோ."

இரண்டாவது தசம இடம் வரை சொன்னேன். அவர் வழியில் போட்டிருந்தால் ஒன்று புள்ளி மூன்று ஐந்துதான் வந்திருக்கும்.

தெலுங்கம்மா, "ஒண்ணே கால் கிலோவா? அய்யோ பாபம்! அது புள்ளையா, பொழைக்குமா?" என்றார். கையிலிருந்த இன்னொரு பேடாவை மெல்லத் தட்டில் திரும்ப வைத்தார். அது தட்டில் விழுந்த எடையை என் விரல்கள் உணர்ந்தன. அதற்குப் பிறகு கேள்விகள் வந்தன. எத்தனை மாதத்தில் பிறந்தது, கண்ணாடிப் பெட்டியிலா, மூச்சு விடுகிறதா, அவர்கள் சொந்தத்தில் ஒன்று இப்படித்தான் பிறந்து எத்தனை நாள் இருந்தது. ஆன்ட்டி என்னைப் பார்க்கவில்லை. தட்டை வாங்கிக்கொண்டு லிப்டுக்குப் போனார். லிப்ட் கதவு மூடும்வரை முதுகைத்தான் காட்டிக்கொண்டு நின்றார்.

மூன்று வாரம் எதுவும் நடக்கவில்லை. பங்குனி வந்தது. ஐந்து கிலோ மிளகாயை அம்மா காயவைத்தாள், கிள்ளினாள், அரைத்தாள். காம்பைக் காலையில் வந்த குப்பை ஆட்டோவில் கொட்டிவிட்டாள். நான்கு வருடமாக யாரும் அதைக் கேட்டதில்லை.

தூளைக் கொண்டுபோய் வைத்தபோது ஹாலில் தெலுங்கம்மாவும் இருந்தார். ஆன்ட்டிதான் கூப்பிட்டு உட்காரவைத்திருந்தார் என்று பிறகு தெரிந்தது. அவர் தராசை எடுத்து மாட்டினார். தானே படித்தார்.

"பத்து. பவுண்டுல. நான் குடுத்தது பதினொண்ணு. பவுண்டுல."

"காம்பு போயிருக்கும்மா" என்றாள் அம்மா. இந்த ஒரு பதிலை அவள் நான்கு வருடமாகத் தயாராக வைத்திருந்தாள்.

"எங்க அந்தக் காம்பு?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் கதவோரம் நின்றிருந்தேன்.

"ஒரு பவுண்டு குறையுது" என்றார் ஆன்ட்டி. குரலில் கோபமே இல்லை. பிறகு என் பக்கம் திரும்பினார். அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு அவர் என்னிடம் பேசியது அப்போதுதான். "ஒரு பவுண்டுன்னா எவ்வளவு? பாதியாக்கி, பத்துல ஒண்ணக் கழிச்சா, நானூத்தம்பது கிராம். சரிதானே, கணக்குக்காரி?"

கணக்கு சரிதான். நானூற்றைம்பத்துநாலு என்று அவரைத் திருத்தவும் என்னால் முடியும். அது காம்பு, அது வெயில், அது மில்லின் கல், போன வருடமும் அதற்கு முந்தைய வருடமும் இதே ஒரு பவுண்டுதான் குறைந்தது, நீங்களே என்னைத் திரையைப் படிக்கச் சொல்லிப் பார்த்தீர்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். சரியான கணக்கைத் தப்பென்று சொல்ல எனக்கு யாரும் கற்றுத் தரவில்லை.

"சரிதான்" என்றேன்.

தெலுங்கம்மா அம்மாவைப் பார்த்த பார்வை எனக்கு இன்றும் மறக்கவில்லை. "அரைக் கிலோ!" என்று முனகினார். என் வாயாலேயே அது உறுதியாகிவிட்டது.

திருடி என்ற சொல்லை ஆன்ட்டி கடைசிவரை சொல்லவில்லை. "நான் வேற ஆள் பாத்துக்கறேன்" என்றார், அவ்வளவுதான். அந்த வாரத்துக்குள் மற்ற மூன்று வீடுகளும் வேறு ஆள் பார்த்துக்கொண்டன. நம்பிக்கையான பொம்பளை என்று அவர் ஒரு வார்த்தை சொன்னபோது எப்படித் திறந்தனவோ, அப்படியே சத்தமில்லாமல் மூடின. அம்மாவுக்குப் பிறகு திருமுல்கேரியில் ராணுவக் குடியிருப்புப் பக்கம் வேலை கிடைத்தது. இரண்டு பஸ் மாற வேண்டும். விடியற்காலையில் போய் இருட்டும்போது வருவாள். பத்தாம் வகுப்பில் கணக்கில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு வாங்கினேன். தாளை அம்மாவிடம் நீட்டினேன். கால் வீக்கத்துக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே, "நல்லா இரு" என்றாள்.

அன்றுதான் ஆன்ட்டியை வாய்க்கு வந்தபடி திட்டினேன். பொய்க்காரி என்றேன். தெரிந்தே செய்தாள், காம்பு எடை அவளுக்குத் தெரியும் என்றேன். அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஹவ், தெரியும்தான்" என்றாள். "அந்தம்மா பண்ணது பாவம்தான். ஆனா அன்னிக்கு வெறும் மூணுன்னு சொன்னப்ப நீ புரிஞ்சுக்க வேணாமா? எதுல எதுலன்னு உசிர வாங்குற பொம்பள, மொட்டையா மூணுன்னு சொன்னா, அதுக்கு ஒரு காரணம் இருக்காதா?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"வாட்டர் பில்டருக்கு மேல காலண்டர் இருக்கும்ல. ஒரு மாசமா அதுல தெனமும் நம்பர் எழுதுவாங்க. எனக்கு நம்பர் படிக்கத் தெரியும். ரெண்டு புள்ளி அஞ்சு, ரெண்டு புள்ளி நாலு. கொறஞ்சுச்சு. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா ஏறிச்சு. எழுதிட்டு அப்படியே செவுத்துல நெத்தி வெச்சு நிப்பாங்க. மூணு வந்த அன்னிக்குத்தான் பேடா வாங்கியாரச் சொன்னாங்க." அம்மா எண்ணெய்க் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். "அவங்களுக்கு அது பெரிய நம்பரு. நீ சின்னதாக்கிட்ட."

நாற்பத்தாறு கிலோவை அவள் எனக்கு நினைவுபடுத்தவில்லை. எனக்கே நினைவு வந்தது.

அந்தப் பிள்ளை பிழைத்துக்கொண்டான். இப்போது பள்ளிக்குப் போகிறான், நெடுநெடுவென்று இருக்கிறான் என்று அந்தக் கட்டடத்து வாட்ச்மேன் சொன்னார். எனக்கு அதில் மகிழ்ச்சிதான். ஆனால் ஆன்ட்டியை நான் மன்னிக்கவில்லை. நான் செய்தது பதினைந்து வயதுத் திமிர். அவர் செய்தது நிதானமாகச் செய்தது. மூன்று வாரம் காத்திருந்து, சாட்சிக்கு ஆள் வைத்து, என்னையே கணக்குப் போடவைத்துச் செய்தது. நான் உடைத்த அவருடைய மூணுக்குப் பின்னால் ஒரு பாட்டி இருந்தார். அவர் சொன்ன ஒரு பவுண்டுக்குப் பின்னால் யார் இருந்தார் என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டையும் ஒரே தராசில் வைக்க என்னால் முடியாது.

இப்போது மாதாப்பூரில் எனக்கு வேலை. அம்மா என்னுடன்தான் இருக்கிறாள். யார் வீட்டுக்கும் போவதில்லை. பங்குனி வந்தால் மட்டும் எங்களுக்கென்று இரண்டு கிலோ மிளகாய் வாங்கிப் பால்கனியில் காயவைக்கிறாள். உட்கார்ந்து காம்பு கிள்ளுகிறாள். கிள்ளிய காம்பை ஒரு கேரிபேக்கில் போட்டு முடிச்சுப் போடுகிறாள். தூள் மில்லிலிருந்து வந்து டப்பாவில் நிரம்பும்வரை அந்தப் பை சமையல் மேடையில் டப்பாவுக்குப் பக்கத்திலேயே இருக்கும். திருமுல்கேரியில் வேலை செய்த அத்தனை வருடமும் இப்படித்தான் செய்தாளாம். யாரும் கேட்கவில்லையாம்.

இந்த வருடம் அந்தப் பையை எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டேன். குளித்துவிட்டு வந்து பார்த்தால், பை மறுபடியும் மேடையில் இருந்தது. ஒட்டியிருந்த காப்பித்தூளைத் துடைத்து வைத்திருந்தாள்.

"யாரும்மா இங்க வந்து எடை போடப்போறா?" என்றேன்.

"இருக்கட்டும்" என்றாள் அம்மா, டப்பாவை மூடிக்கொண்டே. "தூக்கிப் போட்டுடாத."